ஒன்றரை மணி மழை

பருவநிலையைக் கணக்கிடும் கணினி மாதிரிகளுக்குப் பொதுவாக ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மலைச்சரிவில் நான்கு மணிக்கு வர வேண்டிய இடிமழையை அவை ஒன்றரை மணிக்கே பெய்யவைத்துவிடும். மாதிரி நிலத்தை இருபத்தைந்து கிலோமீட்டர் சதுரங்களாக வெட்டிக்கொண்டு கணக்குப் போடுகிறது. மேகமோ அந்தச் சதுரத்தைவிட மிகச் சிறியது. ஆகவே மாதிரியின் கண்ணுக்கு மேகம் தெரியாது. தெரியாத மேகத்துக்குப் பதிலாக ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். தரை சூடானால் காற்று மேலே போகும், மேலே போனால் குளிரும், குளிர்ந்தால் மழை. சூத்திரத்துக்குப் பொறுமை கிடையாது. நிஜ மேகம் எழும்பும், சுற்றியிருக்கும் வறண்ட காற்றோடு கலந்து கரையும், மறுபடி எழும்பும். மூன்று நான்கு முறை தோற்ற பிறகுதான் இடிக்கும்.

பல ஊர்களில் தோற்றுப்போன இந்தச் சூத்திரம் ஓரிடத்தில் மட்டும் ஜெயித்திருந்தது. அந்த இடம் பொன்முடி. ஜெயிக்க வைத்தவர் டாக்டர் குற்றாலலிங்கம்.

திருவனந்தபுரத்தின் ஆய்வு நிறுவனம் ஒன்றில் அவர் மூத்த விஞ்ஞானி. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். பொன்முடிச் சரிவிலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் எட்டு வருடங்களுக்கு முன்பு தானாகவே எழுதும் மழைமானியை நிறுவியிருந்தார். உருளையில் சுற்றிய தாள், அதைத் திருப்பும் கடிகாரம், மழை விழுந்தால் மேலே ஏறும் முள். வாரத்துக்கு ஒரு தாள் தபாலில் வரும். அந்தத் தாள்களின்படி ஏப்ரல், மே மாதங்களில் பொன்முடியில் மழை தொடங்கும் நேரம் ஒன்றரை. சூத்திரம் சொன்னதும் ஒன்றரை. மானியின் நீலக்கோடும் மாதிரியின் சிவப்புக்கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் படத்தைச் சட்டம் போட்டு அறையில் மாட்டியிருந்தார். கடல்காற்று சீக்கிரம் ஏறுவதால் பொன்முடிக்கு மட்டும் மழை முன்கூட்டி வருகிறது என்று ஒரு கட்டுரையும் எழுதினார். விருந்தினர் யார் வந்தாலும் தேநீருக்கு முன் அந்தப் படம்.

பத்மப்ரியாவுக்குத்தான் அந்தப் படம் தொல்லையாக முடிந்தது. திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் வீடு. குற்றாலலிங்கத்தின் கீழ் ஐந்தாவது வருடமாக முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறாள். ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்துக்காகச் சூத்திரத்தைத் தூக்கிவிட்டு, மூன்று கிலோமீட்டர் சதுரங்களில் மாதிரியை ஓட்டியிருந்தாள். இரண்டு வருடக் கணினி நேரம்.

"இது என்னம்மா, நாலு மணின்னு காட்டுது?" என்றார் குற்றாலலிங்கம்.

"மாதிரி அப்படித்தான் சார் சொல்றது."

"மாதிரி ஆயிரம் சொல்லும். மானி என்ன சொல்லுது?"

"ஒன்றரை."

"அப்போ யாரு சரி? கம்ப்யூட்டரா, மழையா?"

"சின்னச் சதுரத்துல மேகம் தானாவே உண்டாறது சார். மூணு தடவை ஓட்டியாச்சு. மூணு தடவையும் நாலு மணிதான்."

"மூணு தடவை தப்புப் பண்ணினா சரியாயிருமா? நல்லா இருக்கு உன் கணக்கு."

"செயற்கைக்கோள் படத்துலயும் மேகம் மூன்றரைக்கு மேலதான் சார் உசரமா வரது."

"செயற்கைக்கோள் எங்க இருக்கு? முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேல. மானி எங்க இருக்கு? தரையில. மழை எங்கம்மா விழுது?"

நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். எடுத்தால் ஆய்வேட்டில் மிஞ்சுவது பாதி. அதை நிரப்ப இன்னும் ஒரு வருடம் வேண்டும். உதவித்தொகையும் பதிவும் ஜூன் கடைசியோடு முடிகின்றன. ஏப்ரல் பாதி போய்விட்டது. அத்தியாயம் நின்றால் பட்டம், போனால் ஒன்றுமில்லை.

ஐந்து வருடமாகப் பொன்முடி மழையைக் கணக்கிட்டும் அதில் ஒருநாளும் நனைந்ததில்லை என்பது அன்று சாயங்காலம் அவளுக்கு உறைத்தது. குற்றாலலிங்கமும் மானியைத் திறந்துவைத்த நாளில் புகைப்படத்துக்கு நின்றதோடு சரி. வியாழக்கிழமை காலை, நிறுவனத்தின் ஜீப்பை ஓட்டும் ரதீஷோடு கிளம்பினாள். அழைத்துப் போகக் காரணம் கேட்ட ரதீஷிடம் மானிக்குத் தூசி தட்ட வேண்டும் என்றாள்.

ஒன்றேகாலுக்குத் தோட்ட ஆபீஸ் அருகே, கம்பிவேலிக்குள் நின்ற மானியின் பக்கத்தில் குடையை விரித்துக்கொண்டு நின்றாள். வானம் கழுவிவைத்த மாதிரி இருந்தது. எதிர்க்கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் சற்று நேரம் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர் ஞானபாய் கையைக் கழுவிவிட்டு வேலியோரம் வந்தார்.

"பிள்ளே, ஆரைக் காத்து நிக்குதிய?"

"மழையை அக்கா."

"இப்பமா?" ஞானபாய் கொட்டகைப் பக்கம் திரும்பினார். "ஏ, இந்தப் பிள்ளை ஒன்றரை மணிக்கு மழைக்கு நிக்குது, கேட்டியளா!"

கொட்டகை சிரித்தது.

"பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்கு அக்கா."

"அப்போ பேப்பர்ல பெய்யட்டு. எங்களுக்கு நாலு மணி ஆவணும். கொளுந்தைச் சுமந்துட்டு எடை போட வரிசையில நிக்கும்போ கரெக்டா வந்து தலையில விழும். ஒரு நாளாவது எடை முடிஞ்ச பெறவு வந்திருக்கா? அதுக்க குசும்பு அப்படி."

"தினமும் நாலா?"

"பத்து மினிட்டு முன்ன பின்ன இருக்கும். நீ இப்பம் குடையை மடக்கு. கண்டா எங்களுக்கே சூடா இருக்கு."

பத்மப்ரியா குடையை மடக்கினாள். பிறகு, இத்தனை நேரம் செய்யத் தோன்றாததைச் செய்தாள். மானியின் சிறு கதவைத் திறந்து முள் எந்த மணிக்கோட்டில் நிற்கிறது என்று பார்த்தாள். பதினொன்று நான்கு. கையிலிருந்த போனில் ஒன்று முப்பத்துநான்கு.

ஆபீஸுக்குள் கணக்கெழுதும் ரைட்டர் தாசையன் கோப்பு ஒன்றுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். மானியைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். ஐம்பது தாண்டிய, சட்டைப்பையில் இரண்டு பேனா செருகிய, ஒழுங்கான மனிதர்.

"அண்ணா, முள் ரெண்டரை மணி நேரம் பின்னாடி இருக்கே?"

"பின்னாலயும் இல்ல, முன்னாலயும் இல்ல மோளே. நான் வச்ச எடத்துல இருந்து ஓடுது."

"எங்க வெச்சேள்?"

தாசையன் எழுந்துபோய் அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்துவந்தார். எட்டு வருடத்தில் ஒரு மடிப்புகூட விழவில்லை. அதில் இரண்டே கட்டளைகள். ஒன்று: திங்கள்கிழமை காலை 8.30 மணிக்குத் தாளை மாற்றவும். இரண்டு: மாற்றியதும் முள்ளை 8.30இல் வைக்கவும். கீழே குற்றாலலிங்கத்தின் கையெழுத்து, முத்திரையோடு.

"எனக்கு வீடு மலைக்குக் கீழ வித்துராவுல. ஞாயித்துக்கிழமை சர்ச்சு. திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் பஸ்ஸு மேல வந்து சேர பதினொண்ணு ஆவும். அப்போ ஒண்ணாம் நம்பர் நடக்காது. ரெண்டாம் நம்பர் நடக்கும். நடக்குததை நான் ஒரு வாரம்கூட விட்டதில்ல, எட்டு வருஷம்."

"பதினொரு மணிக்கு மாத்திட்டு, முள்ளை எட்டரையில வெப்பேளா?"

"உத்தரவு அதுல்லா?"

"யாருமே கேக்கலையா?"

"ஆரு கேப்பா? ஏழு நாள் ஓடி, அடுத்த திங்கக்கிழமை நான் வரும்போ முள் திரும்ப எட்டரைக்கிட்ட வந்து நிக்கும். கண்டா மனசுக்கு ஒரு திருப்தி."

பத்மப்ரியா நாற்காலியில் உட்கார்ந்தாள். நான்கிலிருந்து இரண்டரையைக் கழித்தால் ஒன்றரை. சட்டம் போட்ட படம், கட்டுரை, சீக்கிரம் ஏறும் கடல்காற்று எல்லாம் இந்தக் கழித்தலுக்குள் அடங்கிவிட்டன. உலகத்து மாதிரிகள் எல்லாம் செய்யும் அதே தப்பைத்தான் குற்றாலலிங்கத்தின் மாதிரியும் செய்திருந்தது. தாசையன் மானியையும் இழுத்துக்கொண்டுபோய் அதன் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்.

உடனே போன் செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். எண்ணைத் தேடும்போதே அவர் சொல்லப்போவது காதில் விழுந்தது. ஒரு நாள் பார்த்துவிட்டு எட்டு வருடத்தைக் குறை சொல்கிறாயா? ரைட்டர் உன்னிடம் வேடிக்கையாகச் சொல்லியிருப்பார். செயற்கைக்கோளே தாமதமாகப் பார்க்கிறது என்று எட்டுப் பக்கம் எழுதிய மனிதர். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கண்ணால் பார்த்தாக வேண்டும்.

"அண்ணா, வர திங்கக்கிழமை எங்க சாரை அழைச்சுண்டு வரேன். நீங்க ஒண்ணையும் மாத்த வேண்டாம். வழக்கம்போல வாங்கோ, வழக்கம்போல வையுங்கோ."

தாசையன் உறையைத் துடைத்தார். "எனக்குக் குழப்பம் ஒண்ணும் வராதே?"

"தாள்ல கையெழுத்து உங்களோடது இல்லையே."

தாசையன் கையெழுத்தை ஒருமுறை பார்த்தார். மெல்லச் சிரித்துவிட்டு உறையை மேசைமேல் எடுக்க வசதியான இடத்தில் வைத்தார்.

அன்று மழை நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்தது. எடைக்கு நின்ற வரிசையிலிருந்து ஞானபாய் கைதட்டி, "கண்டியா பிள்ளே, உனக்க ஆளு வந்தாச்சு!" என்று கூவினார்.

குற்றாலலிங்கத்தை மலையேற்ற அதிகம் பாடுபட வேண்டியிருக்கவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முந்தைய கருத்தரங்கு செவ்வாய்க்கிழமை. அதற்கு வெளி நிபுணராகக் கொச்சியிலிருந்து பேராசிரியர் லிபி ஞாயிறன்றே வருகிறார். சென்னையில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"லிபி மேடம் பொன்முடி பாத்ததில்லையாம் சார்," என்றாள் பத்மப்ரியா. "படத்தைக் காட்டறதுக்குப் பதிலா மழையையே காட்டிடலாமே."

"அட, இது நல்ல யோசனைலா!" என்றார் அவர். "சாப்பாட்டைக் கட்டிக்கோ. ஒன்றரைக்கு மழை, ரெண்டரைக்குத் திரும்பிரலாம்."

திங்கள்கிழமை, இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளிலும் குற்றாலலிங்கம் கடல்காற்றைப் பற்றி விளக்கிக்கொண்டே வந்தார். பத்தே முக்காலுக்கு மானியருகே நின்றார்கள். பதினொன்றுக்குச் சற்று முன் பஸ் உறுமிக்கொண்டு ஏறிவந்து நின்றது. தாசையன் கையில் ஒரு பையோடு இறங்கி, ஆபீஸுக்குக்கூடப் போகாமல் நேராக வேலிக்கு வந்தார்.

"சார் நமஸ்காரம். தாளை மாத்திட்டு வந்துருதேன்."

கதவைத் திறந்தார். முள் எட்டரைக்கோட்டின் மேல் நின்றது. "கண்டீங்களா சார்? ஏழு நாள் ஓடியும் கரெக்டா வந்து நிக்குது."

"பாருங்க மேடம்," என்றார் குற்றாலலிங்கம் பெருமையோடு. "இந்த மாதிரி ஆள் கெடைக்கணும்."

தாசையன் பழைய தாளைக் கழற்றினார். புதியதைச் சுற்றினார். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளை நகர்த்தி எட்டரையில் வைத்தார். லிபி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு முள்ளைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"தாசையன், இப்போ மணி என்ன?"

"பதினொண்ணு ரெண்டு மேடம்."

"அப்போ இது?"

"இது எட்டரை."

லிபி குற்றாலலிங்கத்தின் பக்கம் திரும்பினார். குற்றாலலிங்கம் தாசையன் பக்கம் திரும்பினார். "என்னய்யா இது? பஸ்ஸு இன்னைக்கு லேட்டா?"

"இல்ல சார், கரெக்ட் டைம்."

"அப்போ எட்டரைன்னு ஏன் வச்சீரு?"

தாசையன் ஆபீஸுக்குள் போய் உறையைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். குற்றாலலிங்கம் முதல் வரியைப் படித்தார், இரண்டாம் வரியைப் படித்தார், கையெழுத்தை நெடுநேரம் படித்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"சார் கையொப்பம் போட்டுத் தந்த அன்னையில இருந்து."

பத்மப்ரியா தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவில் எந்த மனிதரும் இறங்கிவந்திருப்பார். குற்றாலலிங்கம் விஞ்ஞானி. "ஒரு தாளை வச்சு முடிவு கட்டப்படாது," என்றார். "மழை வரட்டும். மழை சொல்லட்டும்." பன்னிரண்டரைக்கே குடையை விரித்துக்கொண்டு மானியருகே போய் நின்றுவிட்டார். ஒன்றரை ஆயிற்று. வெயில் சுட்டது. கொட்டகையில் மற்றவர்கள் புளியோதரை சாப்பிட்டார்கள்.

"ஆரு அந்த சாரு?" என்று ஞானபாய் பத்மப்ரியாவிடம் கேட்டார். "இவியளும் பேப்பர்காரங்களா?"

"பேப்பரை எழுதினதே அவர்தான் அக்கா."

"ஐயோ பாவம். சாரே! வந்து ஒரு வாய் திண்ணுட்டுப் போயி நில்லுங்க! மழை ஓடிப் போவாது!"

குற்றாலலிங்கம் காது கேளாதவர்போல் மேற்கு வானத்தை ஆராய்ந்தார். இரண்டு மணிக்கு ஒரு மேகம் சரிவில் எழும்பியது. அவர் நிமிர்ந்தார். அது கரைந்தது. இரண்டே முக்காலுக்கு இன்னொன்று, சற்று உயரமாக. அதுவும் கரைந்தது. மூன்று இருபதுக்கு மூன்றாவது தலைதூக்கியபோது வெறுத்துப்போய்க் குடையை ஜீப்பில் எறிந்துவிட்டு வேலிக்குத் திரும்பிவந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அது கரையவில்லை. அடி கறுத்து, தலை வெளுத்து, சரிவை மூடிக்கொண்டு வளர்ந்தது. நான்கு ஏழுக்கு, எடை வரிசையின் தலையிலும் மூத்த விஞ்ஞானியின் தலையிலும் பாரபட்சமில்லாமல் விழுந்தது.

அவர் ஓடவில்லை. கண்ணாடியை விரலால் துடைத்துக்கொண்டு மானியின் கதவைத் திறந்து குனிந்தார். முள் ஏறிக்கொண்டிருந்தது, ஒன்று முப்பத்தைந்துக்கோட்டில்.

திரும்பும் வழியில் ஒன்பதாவது வளைவில் குற்றாலலிங்கம், ரதீஷ் கொடுத்த துண்டால் தலையைத் துவட்டியபடி, முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

"வியாழக்கிழமை சார்."

"சொல்லப்படாதா?"

"சொன்னா நம்பியிருப்பேளா சார்?"

அவர் நேர்மையாக யோசித்தார். "நம்பியிருக்க மாட்டேன்," என்றார். இன்னொரு வளைவு போயிற்று. "நாலாம் அத்தியாயத்துல படம் எத்தனை?"

"பதினொண்ணு."

"எல்லாத்தையும் போடு."

செவ்வாய்க்கிழமை கருத்தரங்கில் பதினொரு படங்களும் திரையில் வந்தன. மேகம் எழும்பிக் கரைவது, மறுபடி எழும்புவது, நான்கு மணிக்கு இடிப்பது. முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "ஆனால் உங்கள் வழிகாட்டியின் கட்டுரை ஒன்றரை என்கிறதே?"

பத்மப்ரியா வாய் திறப்பதற்குள் குற்றாலலிங்கம் எழுந்துவிட்டார். "அந்தக் கட்டுரையில எல்லாத்தையும் கணக்குல எடுத்தோம். கடல்காத்து, சரிவு, ஈரப்பதம். பஸ்ஸு மட்டும் விட்டுப் போச்சு. திருத்தம் நேத்தே அனுப்பியாச்சு."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. லிபி மட்டும் சிரிக்காமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். "ஒரு விஷயம். அந்தத் திருத்தத்தில் எட்டு வருடத் தாளிலும் இரண்டரை மணி என்று ஒரே எண்ணைக் கூட்டியிருக்கிறீர்கள். பஸ் ஒவ்வொரு திங்களும் பதினொன்றுக்கேவா வந்திருக்கும்? வாரத்துக்கு வாரம் எத்தனை மணிக்கு வந்தது என்று காட்டுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

ஜூன் கடைசிக்கு ஒன்பது வாரம் இருந்தது. எட்டு வருடத்துப் பஸ் நேரத்தை யார் எழுதி வைத்திருப்பார்கள்?

நானூற்றுச் சொச்சம் தாள்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் பரப்பினாள். அம்மா விஜயம் அடுக்களைக்குப் போகச் சுவரோரமாக நடக்க வேண்டியதாயிற்று.

"ஏண்டி, துணியை எப்போ எடுக்கணும்னாவது இது சொல்லுமா?"

"நாலு மணிக்கு முன்னாடி எடுத்துடும்மா."

மூன்றாம் நாள், தாள்களின் தொடக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவற்றின் முடிவைப் பார்த்தாள். தாசையன் வந்து கழற்றும் நொடியில் முள் நின்ற இடத்தில் கோடு முடியும். சில தாளில் எட்டரைக்கு ஐந்து நிமிடம் முன்னால், சிலவற்றில் இருபது நிமிடம் தள்ளி. கடிகாரம் சரியில்லை என்று நிறுவனத்தில் இவ்வளவு நாளாய் நினைத்திருந்தார்கள். கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. பஸ் போன வாரத்தைவிட இருபது நிமிடம் தாமதமாக வந்திருந்தால் கோடு இருபது நிமிடம் நீண்டிருக்கும். கடைசித் திங்களுக்குப் பதினொன்று இரண்டு என்று லிபியின் கைக்கடிகாரமே சாட்சி. அதிலிருந்து ஒவ்வொரு வாரமாகப் பின்னோக்கிக் கணக்கிட்டுக்கொண்டே போகலாம். மானி எட்டு வருடமாக மழையோடு சேர்த்துப் பஸ்ஸையும் எழுதிவைத்திருந்தது.

இரண்டு வாரத்தில் பட்டியல் முடிந்தது. ஒவ்வொரு தாளுக்கும் அதற்குரிய திருத்தத்தைப் போட்டதும் மழை இன்னும் நெருக்கமாக நான்கு மணியைச் சுற்றி வந்து சேர்ந்தது. நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு திங்கள் மட்டும் அடங்கவில்லை. அன்று கோடு மூன்று மணி நேரம் நீண்டிருந்தது. பத்மப்ரியா தாசையனுக்குப் போன் செய்தாள்.

"தேதி சொல்லு மோளே... ஆ, அது எனக்கு ஓர்மையிருக்கு. பதினெட்டாம் வளைவுல ஆனை நின்னுட்டு. குட்டியும் உண்டு. டிரைவர் எஞ்சினை ஆஃப் பண்ணிட்டாரு. ரெண்டு மணி ஆச்சு மேல வந்து சேர."

"வந்து முள்ளை எங்க வெச்சேள்?"

"இது என்ன கேள்வி? எட்டரையில."

அந்த வாரத்தின் தரவைக் கணக்கிலிருந்து நீக்கி, பக்கத்தின் அடியில் ஒரு குறிப்புப் போட்டாள். காரணம்: யானை. ஆதாரம்: தாசையன், நேரில் கூறியது. லிபி பட்டியலைப் பார்த்துவிட்டு மறுநாளே கையெழுத்திட்டு அனுப்பினார். மிச்சம் இருந்தது குற்றாலலிங்கத்தின் கையெழுத்து.

அவர் அறையில் சுவரில் சட்டம் இருந்த இடத்தில் ஓர் ஆணி மட்டும் இருந்தது. ஆய்வேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, அந்த அடிக்குறிப்பில் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இது சரியில்லம்மா," என்றார்.

பத்மப்ரியா எட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். "ஏன் சார்?"

"ஆனையைப் போயி அடிக்குறிப்புல போடலாமா? தூக்கி மேல எழுது." பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். தேதிக்குப் பக்கத்தில், கடிகாரத்தைப் பார்த்து, மணியையும் எழுதினார்.